சாம்பசி ஆற்றில் நான்கு நாள் கேனோ பயணம்: அப்பாவை அழைத்துப் போகலாமா?

#1 லுசாகாவாசி

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குத் திரும்புவதற்குள் சாம்பசியில் ஒரு முறையாவது துடுப்புப் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆகஸ்டில் அப்பா வருகிறார், வயது 63. பவானிக் கரையில் வளர்ந்தவர், இன்றும் அணைக்கட்டுக்குக் கீழே நீந்துவார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வேறு தொந்தரவு இல்லை.

சிருண்டு பாலத்துக்குக் கீழே தொடங்கி, லோயர் சாம்பசி தேசியப் பூங்காவை ஒட்டிப் போகும் மூன்று இரவு, நான்கு பகல் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு கேனோவில் இரண்டு பேர். இரவில் ஆற்றுத் தீவுகளில் கூடாரம். நீர்யானை பற்றி இணையத்தில் படித்துவிட்டு, மாமாவைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்கிறாள் மனைவி. அப்பாவோ கேள்விப்பட்ட நாளிலிருந்து தினமும் அதைப் பற்றித்தான் கேட்கிறார். போனவர்கள் யாராவது இருந்தால், நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

#2 துடுப்படி

நான் மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை ஜாம்பியா பக்கம், ஒரு முறை எதிர்க்கரையில் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பக்கம். ஆறு ஒன்றுதான், எல்லைக்கோடு அதன் நடுவில் ஓடுகிறது.

முதலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இருட்டு விலகுவதற்குள் டீ. ஆறரைக்கெல்லாம் படகு தண்ணீரில். பதினொரு மணி வரை துடுப்பு. அப்புறம் கரையில் பெரிய மரமாகப் பார்த்து ஒதுங்கிச் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி இறங்கி, சூரியன் சாய்வதற்குள் மணல்திட்டில் கூடாரம். நீரோட்டமே பாதி வேலையைச் செய்துவிடும், அதனால் கை வலிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆகஸ்டு, செப்டம்பரில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று எதிர்த்து அடிக்கும். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் முதுகு பேசும்.

இனி நீர்யானை. அது உண்மையில் நீந்துவதில்லை, ஆற்றின் அடியில் நடக்கிறது, ஓடுகிறது. பகலெல்லாம் கூட்டமாகத் தண்ணீரில் கிடக்கும், பயந்தால் ஆழத்தை நோக்கிப் பாயும். கைடு செய்வதெல்லாம் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான். ஆழமான பக்கத்தை அவற்றுக்கு விட்டுவிட்டு, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் படகுகளை ஒற்றை வரிசையில் கொண்டுபோவார். கூட்டம் கண்ணில் படும் முன்பே துடுப்பின் கைப்பிடியால் படகின் பக்கத்தில் டொக் டொக் என்று தட்டுவார். அடியில் கிடப்பவை சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கும். எத்தனை, எங்கே என்று எண்ணிக்கொண்ட பிறகுதான் நகர்வோம்.

முதல் முறை போனபோது தூரத்துத் திட்டில் கருங்கற்கள் வரிசையாகக் கிடப்பதாக நினைத்தேன். கைடு தட்டினார். ஒவ்வொரு கல்லும் காதை அசைத்தது. பதினேழு.

காலையிலும் மாலையிலும் கதை தலைகீழ். மாலையில் மேயக் கரையேறும், இரவெல்லாம் புல் மேய்ந்துவிட்டுக் காலையில் தண்ணீருக்குத் திரும்பும். அப்போது கரையோரம் போனால், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நாம் இருப்போம். கரைச்சரிவில் நீர்யானை இறங்கி இறங்கித் தேய்ந்த பள்ளங்கள் தெரியும். நல்ல கைடு அந்தப் பள்ளம் ஒவ்வொன்றையும் தாண்டுவதற்கு முன் நின்று மேலே பார்ப்பார். உங்கள் கைடு பார்க்கிறாரா என்று நீங்களும் பாருங்கள்.

அப்பாவுக்கு நீச்சல் தெரிவது நல்லதுதான். ஆனால் அங்கே உயிர் காப்பது நீச்சல் அல்ல, சொன்ன சொல்லை அந்த நொடியே கேட்பது. “வலப்பக்கம் ஒதுங்கு” என்றால் ஏன் என்று கேட்காமல் ஒதுங்க வேண்டும். அது அவரால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#3 கரைமேல்

இவ்வளவு ஆபத்தை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? அதே ஆற்றில் மோட்டார் படகில் போனால் அதே யானை, அதே பறவை. உயரமாகவும் உட்கார்ந்துகொள்ளலாம். 63 வயது மனிதருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

#4 துடுப்படி

மோட்டார் படகைத் தவறு என்று சொல்லமாட்டேன், என் அம்மாவை அதில்தான் கூட்டிப்போனேன். ஆனால் பார்ப்பது ஒன்றல்ல. செப்டம்பரில் செங்குத்தான மண்கரை முழுக்கச் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் பொந்து போட்டிருக்கும். மோட்டார் சத்தத்துக்கு மொத்தமும் எழும்பிப் பறந்துவிடும். கேனோவில் சத்தமில்லாமல் மிதந்து போனபோது, ஒரு பறவை பொந்துக்குள்ளிருந்து மண்ணைக் காலால் பின்னோக்கித் தள்ளியது, அந்த மண் என் துடுப்பின் மேல் விழுந்தது. அவ்வளவு பக்கம்.

மானா பக்கம் ஆனா மரங்கள் இருக்கின்றன, ஒருவகை வேல மரம். மழைக்காலத்தில் இலை உதிர்த்து, எல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில் பச்சையாக நிற்கும் அதிசய மரம். ஆகஸ்டு முதல் அதன் சுருண்ட காய்களுக்காக யானைகள் வரும். பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று கிளையை இழுக்கும் யானைகளை அங்கே பார்க்கலாம். நான் பார்த்தது படகிலிருந்து, யானையின் வயிற்றை அண்ணாந்து பார்த்தபடி.

#5 வைகறைமீன்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் கேனோவை நீர்யானை கவிழ்த்தது. அதனால் எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

நானும் கணவரும் போனோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மொத்தம் ஏழு கேனோ, ஒரே ஒரு கைடு. முன்பதிவு செய்யும்போது எத்தனை கைடு என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு தாமதமாகிவிட்டது. அடுத்த முகாமில் சமையல்காரர் காத்திருக்கிறார், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினோம். காற்று ஆரம்பித்துவிட்டது. கைடு முன்னால், நாங்கள் கடைசி. முதல் படகுக்கும் எங்களுக்கும் இடையில் இருநூறு மீட்டராவது இருந்திருக்கும். அவர் தட்டுவது காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை.

காற்று எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமான பக்கம் தள்ளியது. தண்ணீரின் நிறம் மாறியதை நான் கவனித்தேன், மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு. சொல்ல வாய் திறப்பதற்குள் அடியிலிருந்து ஒரு மோதல். லாரி இடித்த மாதிரி. அடுத்த நொடி நான் தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கியது. கணவர் கவிழ்ந்த படகின் மறுபுறம். நீர்யானை எங்களை விட்டுப் படகைத்தான் மறுபடி கடித்தது. கைடு எதிர்நீரோட்டத்தில் துடுப்புப் போட்டு எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. “படகை விடு, திட்டுக்குப் போ, படகை விடு” என்று கத்திக்கொண்டே வந்தார். விட்டோம். திட்டில் ஏறினோம். கணவருக்கு முழங்காலுக்குக் கீழே ஆழமான வெட்டு, பல் பட்டதா உடைந்த படகின் விளிம்பு பட்டதா தெரியாது. பிறகு கரை ஒதுங்கிய படகின் அடியில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

அன்று இரவு கைடு எங்கள் கூடாரத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். ஏழு படகுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கிளம்பும் முன்பே அலுவலகத்தில் கேட்டதாகவும், கிடைக்கவில்லை என்றும் சொன்னார். தன் தவறு என்றுதான் முடித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கோபமெல்லாம் அந்த அலுவலகத்தின் மேல்.

அதனால் லுசாகாவாசி, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எத்தனை படகுக்கு எத்தனை கைடு? வரிசையின் கடைசியில் ஒருவர் வருவாரா? காற்று அடித்தால் நிறுத்திக் காத்திருக்க அவருக்கு அதிகாரம் உண்டா, இல்லை முகாம் நேரம்தான் முக்கியமா? இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அந்த நிறுவனம் வேண்டாம்.

#6 லுசாகாவாசி

வைகறைமீன் அக்கா, நன்றி என்று சொன்னால் போதாது. உங்கள் மூன்று கேள்விகளையும் இன்று காலையே அனுப்பிவிட்டேன். அண்ணன் எப்படி இருக்கிறார் இப்போது?

#7 வைகறைமீன்

நன்றாக இருக்கிறார் தம்பி. தழும்பு இருக்கிறது. மறுபடி போகலாம் என்று அவர்தான் சொல்கிறார், எனக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.

#8 காட்டுமல்லி

நான் மருத்துவர். ஹராரேயில் சில வருடம் வேலை செய்திருக்கிறேன்.

சாம்பசிப் பள்ளத்தாக்கில் மலேரியா வருடம் முழுக்க உண்டு. குளிர்காலத்தில் குறையும், இல்லாமல் போகாது. தடுப்பு மாத்திரை கட்டாயம். டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெயிலில் தோல் எளிதில் வெந்துபோகும். நாள் முழுக்கத் தண்ணீரின் மேல் உட்காரும் பயணத்துக்கு அதைவிட வேறு மாத்திரை நல்லது, உங்கள் மருத்துவரிடம் ஆற்றுப் பயணம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவின் அழுத்த மாத்திரை சிறுநீர் பெருக்கும் வகையா என்று பாருங்கள். அந்த வகையானால் வெயிலில் உடம்பில் நீர் வேகமாகக் குறையும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கணக்காகக் குடிக்க வைக்க வேண்டும்.

ஓட்டமில்லாத ஓரத் தண்ணீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு. கால்களை நனைக்காமல் கேனோவில் ஏற முடியாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மருந்து இருக்கிறது. கருப்பு, கருநீல உடை வேண்டாம், செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

அப்புறம், அவசரமானால் எப்படி வெளியே கொண்டுவருவார்கள், சேட்டிலைட் போன் உண்டா, விமானத்தில் கொண்டுவரக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அங்கே ஆம்புலன்ஸ் வராது.

#9 பாறைநீர்

நான் வேலை செய்தது மேலே, விக்டோரியா அருவிக்குக் கீழே உள்ள பட்டோகா பள்ளத்தாக்கில். ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர் படகு) நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. அங்கே 1981இலிருந்து ராஃப்டிங் நடக்கிறது. ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பாய்ச்சல்கள் (பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடங்கள்), ஒன்பதாவதில் எல்லோரையும் இறக்கிவிட்டுப் படகைப் பாறை வழியாகத் தூக்கிப்போவார்கள். அப்பாவுக்கு அது வேண்டாம், தண்ணீரால் அல்ல, முடிந்தபின் பள்ளத்தாக்கின் சுவரில் ஏறி வர வேண்டும். இளைஞர்களே மூச்சு வாங்குவார்கள்.

அந்த ஏற்றத்தில் ராஃப்ட்டையும் துடுப்புகளையும் தலையில் சுமந்து மேலே கொண்டுவருபவர்கள் சுற்றுக் கிராமத்து ஆட்கள். அவர்களில் சிலர் துடுப்பு கற்று, கைடாகி, உலக ஆறுகளிலெல்லாம் படகு ஓட்டுகிறார்கள். அருவிக்குக் கீழே சுமார் 50 கி.மீ. தூரத்தில் 181 மீட்டர் உயரத்தில் அணை கட்ட இரு நாடுகளும் திட்டமிட்டிருக்கின்றன, 2,400 மெகாவாட். கட்டினால் பாய்ச்சல்கள் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். அந்த வேலை தெரிந்த மனிதர்களுக்கு வேறு ஆறு இல்லை. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

#10 லுசாகாவாசி

உங்கள் வருத்தம் புரிகிறது பாறைநீர். ஆனால் 2024இல் நான் இங்கே இருந்தேன். மழை பொய்த்து, இதே ஆற்றில் மின்சாரத்துக்காகக் கட்டிய காரிபா நீர்த்தேக்கம் வற்றி, எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மின்சாரம் வந்த வாரங்கள் உண்டு. எதிர்வீட்டு அம்மா முடிவெட்டும் கடையை மூடிவிட்டார். அவரிடம் போய் அணை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

#11 பாறைநீர்

மழை பொய்த்ததால் ஓர் அணை வற்றியது. அதே ஆற்றில் இன்னோர் அணை கட்டினால் அது மட்டும் எப்படி நிறையும்? எனக்கு அதுதான் கேள்வி. எதிர்வீட்டு அம்மாவுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன்.

#12 துடுப்படி

அணை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கிளம்பும் சிருண்டுக்குப் பக்கத்தில் லுசிட்டு என்ற இடம் வரும். 1959இல் முடிந்த காரிபா அணைக்காக, பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையில் வாழ்ந்த டோங்கா மக்கள் ஏறக்குறைய 57,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1958 செப்டம்பரில் குவெம்பே பள்ளத்தாக்கில் போக மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கிருந்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான் லுசிட்டு. அதே சமயம் மூழ்கும் விலங்குகளை மீட்க நடந்த ‘நோவா’ நடவடிக்கையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை காப்பாற்றப்பட்டன. உலகம் அதைத்தான் அதிகம் நினைவு வைத்திருக்கிறது, எனக்கு அது நெருடும்.

என் இரண்டாவது பயணத்தின் கைடு டோங்கா. பாட்டி லாரியில் வந்தவர். கழுத்தில் மரத்தில் செதுக்கிய நியாமிநியாமி அணிந்திருந்தார், மீன் தலையும் பாம்பு உடலும் கொண்ட ஆற்றுத் தெய்வம். அணை அதையும் அதன் மனைவியையும் பிரித்துவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. 1957இலும் 1958இலும் பெருவெள்ளம் வந்து கட்டுமானத்தை உடைத்ததை அந்தத் தெய்வத்தின் கோபம் என்பார்கள். ஒவ்வொரு காலையும் படகை இறக்கும் முன் அவர் ஆற்றில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி முன்பலகையில் தெளித்தார். ஏன் என்று கேட்டேன். பாட்டி செய்வார் என்றார்.

அணையால் கீழே ஆறும் மாறிவிட்டது. முன்பு வருடா வருடம் வெள்ளம் ஏறி வண்டல் படிந்த சமவெளி இப்போது பெரும்பாலும் நனைவதில்லை. பழைய ஆனா மரங்கள் நிற்கின்றன, இளங்கன்றுகள் குறைவு. போகும்போது கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஜிம்பாப்வே பக்கம் போவதானால்: கேனோ கைடு உரிமம் வேறு, காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் உரிமம் வேறு. இரண்டாவதுக்குப் பல வருடப் பயிற்சியும் கடினமான தேர்வும் உண்டு. கேனோ உரிமம் மட்டும் உள்ளவரைக் கரையேறிச் சிங்கம் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மறுக்கத்தான் வேண்டும் அவர்.

#13 லுசாகாவாசி

போய் வந்தோம்! தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் கேட்ட நிறுவனம் கைடு எண்ணிக்கையைப் பற்றி “சூழ்நிலைக்கு ஏற்ப” என்று பதில் போட்டது, விட்டுவிட்டேன். இரண்டாவது நிறுவனம் மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் தந்தது. விலை கூடுதல்தான். மனைவி, பதில் மின்னஞ்சலை இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றாள்.

அப்பா முதல் கைடின் படகில், முன்னால். நான் இரண்டாவது படகில். முதல் ஒரு மணி நேரம் அவருக்குத் துடுப்பு வசப்படவில்லை, பரிசல் பழக்கத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கைடு அவர் கையைப் பிடித்து, துடுப்பை நிமிர்த்திப் பக்கத்தில் நேராக இறக்கச் சொன்னார். இருவருக்கும் பொது மொழி இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இரண்டாம் நாள் காலை கைடு துடுப்பைத் தூக்கிக் காட்டினால் அப்பா நிறுத்தினார், கையைச் சாய்த்தால் ஒதுங்கினார். துடுப்படி அண்ணா கேட்டாரே, சொன்ன சொல்லைக் கேட்பாரா என்று. சொல்லே தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை. தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு குறுகலான கிளை ஓடை, அதற்குள் நுழையப் போனோம். கைடு தட்டினார். ஒன்றும் எழவில்லை. மறுபடி தட்டினார். அப்புறம் துடுப்பைத் தூக்கி, எல்லோரையும் நாணல் ஓரம் ஒதுங்கச் சொன்னார். நாணலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்பா மட்டும் தண்ணீரைக் காட்டினார்: ஓடையின் நடுவே குமிழிகள் ஒரு கோடாக வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒற்றை ஆண் நீர்யானை எழுந்தது, எங்களிடமிருந்து நாற்பது மீட்டர். வாயைப் பிளந்தது. கொட்டாவி மாதிரி இருக்கும், கொட்டாவி அல்ல, எச்சரிக்கை. மறுபடி முழுகியது. மறுபடி எழுந்தது. அங்கேயே.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. அது நகரவில்லை. கடைசியில் கைடு ஓடையைக் கைவிட்டு, எல்லோரையும் திருப்பித் தீவின் மறுபுறம் சுற்றிக் கூட்டிப்போனார். எதிர்நீரில் கொஞ்சம், பிறகு நீண்ட சுற்று. முகாமுக்குப் போனபோது மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதம். மீன் கழுகு ஒன்று எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தது, அதன் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கிளம்பும்போது அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டைக் கைடின் தோளில் போட்டார். அவர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு படகுகளை லாரியில் ஏற்றினார்.

காட்டுமல்லி அம்மா, தண்ணீர்க் கணக்கு உங்கள் புண்ணியம். வெயில் கடுமை, ஒரு நாள்கூடத் தலை சுற்றவில்லை.

#14 வைகறைமீன்

அந்த நாற்பது நிமிடத்தை இரண்டு முறை படித்தேன் தம்பி. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: கடைசியில் ஆள் வந்தாரா?

#15 லுசாகாவாசி

வந்தார் அக்கா. நான்கு படகு எங்களுடையது, ஐந்தாவது அவருடையது. நான்கு நாளும் எங்களுக்குப் பின்னால்தான் இருந்தார். இரண்டு பேரும் ஒரே வரிசையை இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டும் சத்தம் எனக்கு எப்போதும் கேட்டது.

#16 வைகறைமீன்

அந்த நிறுவனத்தின் பெயரைத் தனி மடலில் அனுப்புங்கள். கணவரிடம் காட்ட வேண்டும்.